சவரக்கத்தியின் வாய்: கல்லும் தோல்வாரும்

புதிதாகச் சவரக்கத்தி வாங்கியவர் முதலில் கேட்பது, "கடைசிக் கல் எத்தனை நம்பர் வாங்கட்டும்? பன்னிரண்டாயிரம் போதுமா?" என்பதுதான். கடைக்காரருக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடிக்கும். நம்பர் ஏற ஏற விலையும் ஏறும். ஆனால் கூர் பிறப்பது ஆயிரம் நம்பர் கல்லில். அதற்கு மேற்பட்ட கற்கள் அங்கே பிறந்த கூரை மழமழப்பாக்கித் தருகின்றன, அவ்வளவுதான். ஆயிரத்தில் வராத கூர் எட்டாயிரத்தில் வராது, பன்னிரண்டாயிரத்திலும் வராது. இந்த அத்தியாயத்தில் ஆயிரம் நம்பர் கல்லைப் பற்றியே அதிகம் பேசுவதற்குக் காரணம் அதுதான்.

இங்கே சவரக்கத்தி என்பது அலகு பிடிக்குள் மடங்கும் பழைய முழுக்கத்தி. இன்று நம்மூர் சலூன்களில் இருப்பது பிளேடைப் பாதியாக உடைத்துச் செருகும் கத்தி. ஹெச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி போன்றவை ரத்தத்தின் வழியே பரவுவதால், ஆளுக்கொரு புது பிளேடு என்பதே சரியான வழக்கம். அந்தக் கத்திக்குக் கல்லும் வேண்டாம், வாரும் வேண்டாம். முழுக்கத்தி வைத்திருப்பவர் அதே காரணத்துக்காக அதை வேறு யார் முகத்திலும் வைக்கக் கூடாது. கூடப்பிறந்தவரே கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

கோணத்தை முதுகு பார்த்துக்கொள்ளும்

சமையலறைக் கத்தி தீட்டுகிறவருக்குக் கோணம் ஓயாத தொல்லை. கை சற்று எழும்பினால் ஒரு கோணம், தாழ்ந்தால் இன்னொன்று. சவரக்கத்தியில் இந்தத் தொல்லை இல்லை. அலகைக் கல்லில் படுக்கப் போட்டால் தடித்த முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லில் படியும். இடையில் உள்ள குழிவு கல்லைத் தொடாது. முதுகின் தடிமனை அகலத்துக்கு ஏற்ப வைத்தபோதே, கத்தியைச் செய்தவர் கோணத்தையும் முடிவுசெய்துவிட்டார். அகலத்தை அங்குலத்தின் எட்டுப் பங்குகளில் சொல்வது வழக்கம். பரவலாகக் கிடைக்கும் 6/8 கத்தி ஏறக்குறைய 19 மில்லிமீட்டர் அகலம். அதன் முதுகு 5 மில்லிமீட்டர் தடித்திருந்தால், வாயில் சேரும் இரு சரிவுகளுக்கும் இடையே 15 டிகிரி வரும். வீட்டில் காய் நறுக்கும் கத்திக்கு இது பெரும்பாலும் 30க்கு மேல்.

ஆகவே கத்தி கல்லில் இருக்கும்வரை முதுகு எழும்பக் கூடாது. சீக்கிரம் கூராகட்டும் என்று முதுகைத் தூக்கித் தேய்ப்பவர், வாயின் ஓரத்தில் மொண்ணையான இன்னொரு சரிவை உண்டாக்குகிறார். அதை அழிக்க மறுபடி முதலிலிருந்து தேய்க்க வேண்டும்.

முதுகும் கல்லில் தேயும். தேயட்டும், வாயோடு சேர்ந்து முதுகும் தேய்ந்தால்தான் கோணம் நிலைத்து நிற்கும். முதுகில் தங்க வேலைப்பாடு இருந்து அதைக் காப்பாற்ற விரும்பினால், எலெக்ட்ரீஷியன்கள் ஒட்டும் இன்சுலேஷன் டேப்பை நீளவாக்கில் ஒரு சுற்று ஒட்டிக்கொள்ளலாம். கோணம் ஏறக்குறைய ஒரு டிகிரி கூடும். முகத்துக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் டேப்போடு தீட்டிய கத்தியை அடுத்த முறை டேப் இல்லாமல் கல்லில் வைத்தால், கல் சரிவின் பின்பக்கத்தைத்தான் தேய்க்கும், வாயைத் தொடாது. டேப்போடு தொடங்கினால் டேப்போடேயே இருங்கள். தேய்ந்த டேப்பை ஒவ்வொரு கல்லுக்கும் மாற்றிவிடுங்கள்.

பழைய கத்தி தேடுபவர் கண்ணில் ஷெஃபீல்டு, சோலிங்கன் என்ற இரண்டு முத்திரைகள் அடிக்கடி படும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் மூசையில் எஃகை உருக்கும் முறையை நிலைப்படுத்தினார். அதன்பின் அந்த ஊர்க் கத்திகள் கடல் கடந்து போயின. அங்கே செய்த பழைய கத்திகள் பெரும்பாலும் ஆப்பு வடிவம், முதுகிலிருந்து வாய்வரை குழிவே இல்லாததுபோல் சரிந்து வரும். ஜெர்மனியின் சோலிங்கன் கத்திகளில் இரு பக்கமும் ஆழக் குடைந்திருக்கும். அந்த ஊருக்கு வெளியே செய்த கத்தியில் சோலிங்கன் என்று பொறிக்கக் கூடாதென்று 1938 முதல் ஜெர்மனியில் சட்டப் பாதுகாப்பு உண்டு. தீட்டுபவருக்கு இதில் என்ன என்றால், ஆப்புக்கத்தியில் கல்லில் படும் எஃகு அதிகம். நேரம் பிடிக்கும், கையை அசர வைக்கும். ஆழக் குடைந்த கத்தி சீக்கிரம் தீட்டுப்படும், ஆனால் அழுத்தினால் அலகே வளைந்து வாய் கல்லைவிட்டு விலகும். பழகுபவருக்கு இரண்டுக்கும் நடுவிலான அரைக்குழிவுக் கத்தியே நல்லது. ஜப்பானியரின் கமிசோரி என்ற சவரக்கத்திக்கு இரு பக்கமும் ஒன்றுபோல் இராது. அதைத் தீட்டும் முறையும் வேறு. அது இந்த அத்தியாயத்தில் இல்லை.

வாங்கும்போது பெயரைவிட வாயைப் பாருங்கள். வாயோரத்தில் கறுத்த துருப்புள்ளிகள் இருந்தால், தீட்டத் தீட்ட அந்த இடத்தில் பொடிப்பொடியாகப் பெயரும். முதுகு ஒரு பக்கம் மட்டும் அகலமாகத் தேய்ந்திருந்தால், முன்னே வைத்திருந்தவர் கோணலான கல்லில் தேய்த்திருக்கிறார். வாய் நடுவில் உட்குழிந்து வளைந்திருந்தால் விட்டுவிடுங்கள். வெளிப்புறம் லேசாக வளைந்திருந்தால் பரவாயில்லை. அது பல கத்திகளுக்கு இயல்பு.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. சைக்கிளில் சக்கரம் வைத்து வரும் சாணைக்காரர் அரிவாளையும் கத்தரிக்கோலையும் அருமையாகப் பிடித்துத் தருவார். சவரக்கத்தியை அவரிடம் கொடுக்காதீர்கள். அவர் கைத்திறனில் குறையில்லை. சக்கரம்தான் இந்தக் கத்திக்கு ஆகாது. காய்ச்சித் தோய்த்த எஃகைப் பிறகு இளஞ்சூட்டில் வைத்துப் பதமாக்கியிருப்பார்கள். மெலிந்த வாய் உலர்ந்த சக்கரத்தில் நொடியில் அந்தச் சூட்டைத் தாண்டிவிடும். நீலம் பாரித்த எஃகில் கூர் நிற்காது. அதற்கு மருந்தும் கிடையாது.

கல்லை முதலில் நேராக்குங்கள்

தண்ணீர்க் கல் தேய்கிற கல். நாலைந்து முறை கத்தி ஓடினாலே நடுவில் பள்ளம் விழத் தொடங்கும். புதுக் கல்லும் பெட்டியிலிருந்து வரும்போது தட்டையாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். கல்லின் மேல் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போடுங்கள். தடித்த கண்ணாடிப் பலகையில் பெயிண்டர்கள் வாங்கும் 320 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரால் ஒட்டவைத்து, அதன் மேல் கல்லைத் தேய்த்தால் மேடான இடத்தில் கோடு முதலில் அழியும். எல்லாக் கோடும் அழிந்தால் கல் நேராகிவிட்டது. வைரத்தூள் பதித்த தகடு இருந்தால் இந்த வேலை இன்னும் விரைவாக முடியும். ஓரங்களின் கூர்மையான விளிம்பையும் லேசாக மழுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அது வாயைக் கீறும். சவரக்கத்தி கூராகவில்லை என்று வரும் புகார்களில் கணிசமானவை கோணல் கல்லால் வருபவை.

கல்லின் நம்பரைப் பற்றி ஒரு வார்த்தை. நம்பர் கூடக் கூடத் துகள் பொடியாகும் என்பது மட்டும்தான் எல்லாக் கம்பெனிக்கும் பொது. ஆயிரம் என்றால் 11 முதல் 15 மைக்ரான் வரை, எட்டாயிரம் என்றால் 1 முதல் 3 மைக்ரான் வரை, யார் அளவுகோல் என்பதைப் பொறுத்து மாறும். ஒரே கம்பெனியின் வரிசையில் வாங்கினால் இந்தக் குழப்பம் இல்லை.

ஆயிரத்தில் என்ன நடக்க வேண்டும்

இரு பக்கச் சரிவுகளும் அடியிலிருந்து நுனிவரை ஒரே கோட்டில் சந்திக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. சந்திக்காத இடத்தில் வாய் என்று ஒன்று இல்லை. அங்கே இருப்பது மொண்ணையான ஒரு குறுகிய மேடை. அந்த மேடையை மேல் நம்பர் கற்கள் பளபளப்பாக்கும், கூராக்காது. காறை பூசாத சுவருக்கு வெள்ளையடித்த கதைதான்.

கல்லில் தண்ணீர் தெளியுங்கள். கத்தியின் கழுத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து, பிடியை அலகோடு நேர்க்கோட்டில் விடுங்கள். வாய் முன்னே போக, முதுகு பின்னே வர, கல்லின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் தள்ள வேண்டும். முனைக்கு வந்ததும் வாயைக் கல்லைவிட்டு எடுத்து, முதுகின் மேலேயே புரட்டி, மறு பக்கத்தைப் படிய வைத்துத் திரும்புங்கள். ஒருபோதும் வாயின் மேல் புரட்டக் கூடாது. அலகு பெரும்பாலும் கல்லின் அகலத்தைவிட நீளம். அதனால் அடிப்பகுதி கல்லில் இருக்கும்படி தொடங்கி, நுனி கல்லில் இருக்கும்படி முடியும் வகையில் குறுக்காக இழுக்க வேண்டும். இரு பக்கமும் மாறி மாறி இப்படிச் செய்தால் கல்லின் மேல் பெருக்கல் குறி விழும்.

எங்கே படுகிறது, எங்கே படவில்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்வது ஆரம்பத்தில் கஷ்டம். கறுப்பு மார்க்கர் பேனாவால் இரு பக்கச் சரிவுகளிலும் மை தடவிவிட்டு இரண்டு மூன்று தள்ளு தள்ளுங்கள். மை போன இடம் கல்லைத் தொட்ட இடம். வாயின் கடைசி ஓரத்தில் மை தங்கியிருந்தால் இன்னும் வேலை இருக்கிறது. அடியில் மட்டும் மை போய் நுனியில் தங்கினால், கை கழுத்துப் பக்கம் அழுத்துகிறது. இந்தச் சோதனையை வெட்கப்படாமல் எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்யலாம். தண்ணீரும் ஒரு சாட்சி: வாய் கல்லில் சரியாகப் படிந்திருந்தால், அது முன்னே தள்ளிக்கொண்டு போகும் தண்ணீர் அலகின் மேல் ஏறும். ஓரிடத்தில் மட்டும் தண்ணீர் அடியில் நழுவிப் போனால் அங்கே வாய் தொடவில்லை.

அழுத்தத்தைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். ஆயிரத்தில் ஒரு விரலை அலகின் மேல் வைத்த கனம் இருக்கலாம். சரிவுகள் சந்தித்தபின் அந்த விரலையும் எடுத்துவிட்டு, கத்தியின் சொந்தக் கனத்தோடு பத்துப் பன்னிரண்டு தள்ளுகளில் முடியுங்கள். மொத்தம் எத்தனை தள்ளு என்று கேட்காதீர்கள். எஃகின் கடினம், முதுகின் அகலம், முன்னே தீட்டியவரின் புண்ணியம் எல்லாம் சேர்ந்து முடிவு செய்வது அது. இருபதில் முடிந்த கத்தியும் உண்டு, மாலை முழுவதும் எடுத்த கத்தியும் உண்டு.

முடிந்ததா என்று அறிய, விளக்குக்கு நேராக வாயை மேல்நோக்கிப் பிடித்துப் பாருங்கள். கூரான வாயில் ஒளி திரும்பாது. எங்காவது பொட்டாகவோ கோடாகவோ மின்னினால் அங்கே மொண்ணை. நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் பத்து மடங்கு லென்ஸ் இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். பிறகு முன்கையில் தோலை ஒட்டிச் சில முடிகளை மழியுங்கள்: அடியிலும் நடுவிலும் நுனியிலும் ஒரே மாதிரி மழிக்க வேண்டும். ஓரிடம் தயங்கினாலும் மேலே போகாதீர்கள்.

மேலே உள்ள கற்கள்

இங்கிருந்து வேகமாகப் போகலாம். நாலாயிரம் கல்லில் ஆயிரத்தின் கீறல்கள் போகும்வரை, எட்டாயிரத்தில் நாலாயிரத்தின் கீறல்கள் போகும்வரை, கத்தியின் கனத்தோடு மட்டும். எட்டாயிரத்தில் நன்றாக முடித்து வாரில் இழுத்த கத்தி எந்த முகத்துக்கும் போதும். அதற்கு மேல் போவது ஆசை, அவசியமில்லை. ஆசைப்படுவதில் தவறும் இல்லை.

அந்த ஆசைக்கு ஒரே ஒரு கல் வாங்குவதென்றால் நான் பெல்ஜியத்தின் காட்டிகூல் கல்லைச் சொல்வேன். ஆர்டென் மலைப்பகுதியில் மெல்லிய படுகையாகக் கிடைக்கும் மஞ்சள் கல் இது. மெலிதாக இருப்பதால் பலகைக்கல்லில் ஒட்டி விற்கிறார்கள். வேலை செய்வது இதிலுள்ள பொடியான கார்னெட் மணிகள். சின்னக் கல் துண்டால் மேலே தேய்த்துப் பால்போன்ற கரைசல் உண்டாக்கினால் இது எஃகைச் சுறுசுறுப்பாகத் தின்னும். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக் கரைசலை நீர்க்கச் செய்தால் வேகம் குறைந்துகொண்டே வரும்; வெறும் தண்ணீரில் முடித்தால் மென்மையான வாய் கிடைக்கும். இயற்கைக் கல் என்பதால் ஒன்றுபோல் இன்னொன்று இராது. கல்லுக்குக் கல் குணம் மாறும். பழகித்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தொங்கும் ஒற்றை முடியை வாயில் வைத்து அறுந்தால் ஆகா என்று சொல்வது ஒரு சோதனை. முடி யாருடையது, ஈரமா உலர்ந்ததா, எவ்வளவு தடிமன் என்பதெல்லாம் விடையை மாற்றிவிடும். உங்கள் தலைமுடியை உங்கள் கத்தியோடு மட்டும் ஒப்பிட்டால் பயன் உண்டு. கட்டைவிரல் நகத்தில் வாயை இழுத்துப் பார்ப்பதை ஆயிரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தீட்டி முடித்த வாயில் அது கேடு.

தினமும் தோல்வார்

கல் வருஷத்துக்கு ஓரிரு முறை. வார் தினமும். தொங்கவிடும் வாரில் ஒரு பக்கம் துணி, மறு பக்கம் தோல். மழிப்பதற்கு முன் துணியில் இருபது முறை, தோலில் ஐம்பது முறை இழுப்பது நல்ல அளவு. இங்கே திசை தலைகீழ்: முதுகு முன்னே, வாய் பின்னே. கல்லில் போவதுபோல் வாயை முன்னே விட்டால் வாரும் வெட்டுப்படும், வாயும் போகும். வாரை இழுத்து விறைப்பாகப் பிடியுங்கள். தொய்ந்த வாரில் வாய் உருண்டு மொண்ணையாகும். அலகு வாரில் படிந்தே போக வேண்டும், அழுத்தம் இல்லாமல்.

வாரை வெட்டிக்கொள்பவர்கள் பெரும்பாலும் திருப்பத்தில்தான் வெட்டிக்கொள்கிறார்கள். ஓட்டம் முடியும் இடத்தில் கை நின்றதும் வாய் தோலில் புதையும். ஓட்டம் நிற்பதற்குச் சற்று முன்பே முதுகின் மேல் புரட்டத் தொடங்கினால் இது வராது. வேகம் வேண்டாம். சினிமாவில் கத்தியைச் சரசரவென்று இழுக்கும் காட்சி பார்க்க நன்றாயிருக்கும். முதல் மாதத்தில் வாருக்கு அது நல்லதல்ல. சிறு வெட்டு விழுந்தால் பொடி நம்பர் வாட்டர் பேப்பரால் தேய்த்துச் சமப்படுத்தலாம். வெட்டு ஆழமானால் அந்தப் பக்கத்தில் வாயை ஓட்டாதீர்கள். தோலுக்கு எண்ணெய் ஊற்ற வேண்டாம்; உள்ளங்கையால் நன்றாகத் தேய்த்துவிட்டாலே போதும். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்காமல் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள்.

அரை மைக்ரான் குரோமியம் ஆக்ஸைடு தடவிய தனி வார் ஒன்று வைத்திருப்பவர்கள் உண்டு. பச்சை நிறப் பசை அது. வாய் சற்றுச் சோரும்போது பத்து இழுப்பு இழுத்தால் உயிர் வரும். ஆனால் அது தேய்க்கும் பசை. தினமும் இழுத்தால் வாயைக் கொஞ்சங்கொஞ்சமாக உருட்டிவிடும். தினப்படி வாரில் அதைத் தடவாதீர்கள். ஒரு தடவை தடவினால் திரும்ப எடுக்க முடியாது.

இத்தனை கடினமான எஃகு வெறும் தாடிமுடியில் ஏன் மழுங்குகிறது? 2020இல் 'சயன்ஸ்' இதழில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். முடி எஃகைவிட ஏறக்குறைய ஐம்பது மடங்கு மென்மையானது. ஆனாலும் எஃகின் உட்கட்டமைப்பு சீராக இல்லாத இடத்தில், முடி வாயைச் சாய்ந்து தாக்கும்போது, நுண்ணிய சில்லு பெயர்கிறது. அவர்கள் சோதித்தது பிளேடுகளை. நம் கத்திக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது எளிது: முடி நன்றாக ஊறட்டும். வெந்நீரும் நுரையும் முகத்தில் இரண்டு மூன்று நிமிஷம் இருந்தால் வாய்க்கு வேலை பாதி குறையும். பெயர்ந்த சில்லை எந்த வாரும் ஒட்டவைக்காது.

துரு

நல்ல சவரக்கத்தி பெரும்பாலும் கரியெஃகு. ஈரம் பட்டால் துருப்பிடிக்கும். சென்னையிலோ நாகர்கோவிலிலோ குளியலறையில் கத்தியை வைப்பவர் ஒரு வாரத்தில் பாடம் படிப்பார். மழித்ததும் அலசி, முதுகிலிருந்து வாய்ப் பக்கமாகத் துடைத்து, காகிதக் கைக்குட்டையை மடித்துப் பிடியின் இடுக்கிலும் நுழைத்து ஈரத்தை எடுங்கள். வாரில் நாலைந்து முறை இழுத்தால் வாயோரத்தில் தங்கிய ஈரமும் போகும். சற்று நேரம் திறந்தே வைத்துப் பிறகு மடியுங்கள். நாலு நாளுக்கு மேல் தொடப்போவதில்லை என்றால் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் கைக்கு எட்டும் என்பதற்காக அதைத் தடவாதீர்கள். நாளானால் சிக்குப் பிடிக்கும். பழைய செல்லுலாய்டு பிடி உள்ள கத்தியை மூடிய பெட்டியில் வைக்காமல் இருப்பது நல்லது. செல்லுலாய்டு சிதையும்போது வெளியேறும் அமில ஆவி அலகைத் தின்றுவிடும்.

வாய் இழுக்கத் தொடங்கினால் முதலில் வாரில் கூடுதலாக இழுத்துப் பாருங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் கடைசிக் கல்லில் பத்துப் பதினைந்து தள்ளு. அதற்கும் மசியாவிட்டால்தான் ஆயிரம். சில்லுப் பெயராத, முதுகு தூக்காமல் தீட்டிய கத்திக்கு மறுபடி ஆயிரம் தேவைப்படப் பல வருஷங்கள் ஆகும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். முதல் கத்தியைத் தெரிந்தவர் தீட்டி முடித்த நிலையில் வாங்கி, சில மாதம் வாரும் மழிப்பும் மட்டும் பழகுங்கள். நல்ல வாய் எப்படி இருக்கும் என்று முகத்துக்குத் தெரிந்த பிறகு, மலிவான இன்னொரு கத்தியை வாங்கிக் கல்லில் வையுங்கள். உங்களிடம் உள்ள ஒரே நல்ல கத்தியில் கல் பழகாதீர்கள்.